ட்ராம் என்பவரைக் கண்டுபிடிப்பது தொடர்பாக

தன்னைத் தேடிப் பிடிப்பதற்காக அமைக்கப்பட்ட குழுவில் தானே ஓர் உறுப்பினராகும் பாக்கியம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. மீராவுக்கு அது ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை காலையில், டாலிகஞ்சில், கையில் பால் பாக்கெட்டோடு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தபோது வாய்த்தது.

முதல் மாடிக் கதவு திறந்தது. "நல்ல வேளை, நீயே வந்துட்டே," என்றார் சேஷாத்ரி மாமா. "உள்ள வா. ஒரு உயிர் சமாசாரம். நீ கம்ப்யூட்டர் தெரிஞ்சவ. ட்ராம்னு ஒருத்தரை இன்னிக்குள்ள கண்டுபிடிச்சாகணும்."

கதைகளில் இந்த இடத்தில் பால் பாக்கெட் கையிலிருந்து நழுவும். நிஜத்தில் நழுவுவதில்லை. மீரா அதை அழுத்திப் பிடித்த பிடியில் ஒரு மூலை விட்டுக்கொண்டு செருப்பின்மேல் சொட்டத் தொடங்கியது. ஏனென்றால் ட்ராம் என்பது அவள்தான்.

சேஷாத்ரி மாமாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அவரே சொல்லிவிடுவார், அது இன்னும் நீளம். ஒரு பெரிய பொதுத்துறை நிறுவனத்தின் கொல்கத்தா அலுவலகத்தில், விஜிலென்ஸ் பிரிவில் வாழ்நாளைக் கழித்தவர். அங்கே அவருடைய தனித்திறமை மொட்டைக் கடிதாசு. 'உங்கள் கொள்முதல் அதிகாரி கை நீட்டுகிறார், இப்படிக்கு உண்மை விளம்பி' என்று ஒரு கடிதம் வந்தால், அதிகாரி கை நீட்டினாரா என்று பார்ப்பது மற்றவர்கள் வேலை. உண்மை விளம்பி யார் என்று கண்டுபிடிப்பது சேஷாத்ரியின் வேலை. காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், மோந்து பார்ப்பார், வாரம் முடிவதற்குள் உண்மை விளம்பி அவர் மேஜைக்கு எதிரே வியர்த்துப்போய் உட்கார்ந்திருப்பார். கை நீட்டிய அதிகாரிகள் பலரும் மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார்கள். உண்மை விளம்பிகளில் ஒருவர்கூடத் தப்பியதில்லை.

இப்படிப்பட்டவரிடம் ஒரு மனநல ஆதரவுக் குழுவை ஒப்படைத்தது யார் தப்பு என்று கேட்டால், துர்கா பூஜை விடுமுறையின் தப்பு. கொல்கத்தாத் தமிழர்களுக்காக டாக்டர் பிரியம்வதா என்ற மனநல மருத்துவர் இணையத்தில் நடத்திவந்த குழு அது. யாருடைய போன் நம்பரும் யாருக்கும் தெரியாது. பிடித்த பெயரை வைத்துக்கொண்டு மனத்தில் உள்ளதை எழுதலாம். டாக்டர் போட்ட விதிகள் மூன்றே வரி. யாரென்று கேட்காதீர்கள். யோசனை சொல்வதற்கு முன்னால் வேண்டுமா என்று கேளுங்கள். இங்கே படித்ததை வெளியே கொண்டுபோகாதீர்கள். அதற்கு மேலே, உயிருக்கே ஆபத்து என்று தோன்றினால் கூப்பிடுவதற்கு ஓர் உதவி எண். டாக்டர் பிள்ளைகளோடு மலைக்குக் கிளம்பினார். கிளம்பும்போது, கட்டுப்பாடான மனிதராயிற்றே என்று நம்பி, குழுவின் நிர்வாகத்தைச் சேஷாத்ரியிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

மூன்று வரியில் விதி என்பது சேஷாத்ரிக்கு அவமானம். டாக்டரின் ரயில் ஸியால்தா ஸ்டேஷனை விட்டு நகர்வதற்குள் உட்பிரிவுகளோடு ஒரு சுற்றறிக்கை வெளியாகிவிட்டது. இனி எல்லாச் செய்திகளும் 'மதிப்பிற்குரிய' என்று தொடங்க வேண்டும். ஒருமை கூடாது. துயரங்கள் ஒரு பத்திக்கு மிகலாகாது. மரியாதை என்றால் அவர் அறிந்தது அதுதான். தூக்கமே வருவதில்லை என்று ஆந்தை என்ற பெயரில் யாரோ எழுதப்போக, காலையில் பதில் வந்தது: 'மதிப்பிற்குரிய ஆந்தை அவர்களுக்கு, தங்கள் தூக்கமின்மை கிடைக்கப்பெற்றோம். ஆவன செய்யப்படும்.' ஆந்தை அதற்கப்புறம் எழுதவில்லை. பிரச்சினை தீர்ந்ததாகச் சேஷாத்ரி குறித்துக்கொண்டார்.

இந்தக் குழுவுக்குள்தான் மழைக்காலத் தொடக்கத்தில் மீரா நுழைந்திருந்தாள். முப்பத்தெட்டு வயது, பார்க் ஸ்ட்ரீட்டில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை, கணவன் ஹரீஷுக்கு ஹால்டியா துறைமுகத்தில் உத்தியோகம், எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்துபோவான். ஒரு நாள் காலை மெட்ரோக் கூட்டத்தின் நடுவே அவளுக்கு நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, இதோ செத்துப்போகிறோம் என்று நிச்சயமாகத் தெரிந்தது. சாகவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டாள். அதிலிருந்து ஸ்டேஷன் வாசல்வரை போவாள், கால் நின்றுவிடும். பஸ்ஸில் போனால் காற்று நன்றாக வருகிறது என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தாள். ஹரீஷிடமும் அதையேதான் சொன்னாள். நல்லவன்தான், ஆனால் எதைச் சொன்னாலும் உடனே ஸ்குரூ டிரைவரைத் தேடுகிற ரகம்.

குழுவில் ஜன்னல் என்று ஒருவர் இருந்தார். ஆணா பெண்ணா, கிழமா இளசா, எதுவும் தெரியாது. மீரா முதல் முறை எழுதியபோது ஜன்னல் கேட்டார்: 'யோசனை ஏதாவது சொல்லட்டுமா, இல்லை சும்மா கேட்டுக்கொண்டால் போதுமா?' அதைப் படித்துவிட்டு மீரா அலுவலகக் கழிப்பறையில் உட்கார்ந்து அழுதாள். பிறந்ததிலிருந்து அவளுக்கு யோசனை சொன்னவர்கள் ஏராளம். வேண்டுமா என்று கேட்டவர் இவர்தான். அன்றிலிருந்து ஜன்னல் தினம் சாயங்காலம் 'இன்று எப்படி இருந்தது?' என்று மட்டும் கேட்பார், பதில் வரும்வரை பேசாமல் இருப்பார். அந்த ஒரு கேள்வியின் தெம்பில்தான் அவள் மறுநாள் மறுபடி வாசல்வரை போனாள். உண்மையைச் சொல்ல அவளுக்கிருந்த ஒரே இடம் அதுதான். ட்ராம் மூன்றாம் மாடி மீரா என்று தெரிந்துவிட்டால், அந்த இடமும் போய்விடும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் எழுதினாள்: 'இன்று வாசலைத் தாண்டி டிக்கெட் கவுன்ட்டர்வரை போனேன். பிறகு திரும்பிவிட்டேன். களைப்பாக இருக்கிறது. கொஞ்ச நாள் எங்கும் போக வேண்டாம் போலிருக்கிறது.'

ஜன்னல் சுற்றி வளைக்கவில்லை. 'நேராகவே கேட்கிறேன். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஏதாவது உண்டா?'

'இல்லை. மெட்ரோவைத்தான் சொன்னேன்.'

'சரி, நம்புகிறேன். கேட்டது தப்பில்லையே?'

'இல்லை. கேட்டது ஆறுதலாகத்தான் இருந்தது.'

விஷயம் அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் குழுவில் நாகலக்ஷ்மி இருந்தாள். சேஷாத்ரியின் சித்தி பெண், லேக் மார்க்கெட்வாசி, எந்த வியாதிக்கும் முன்கூட்டியே கஷாயம் வைத்திருப்பவள். 'எங்கும் போக வேண்டாம்' என்பதை அவள் 'ஒரேயடியாகப் போகப்போகிறேன்' என்று படித்தாள். கூடவே, அவளைப் போலவே சொந்தப் பெயரில் எழுதும் முத்துக்குமார் இருந்தார். கோவில்பட்டியிலிருந்து மாற்றலாகி வந்த வங்கி மேலாளர்; தன்னம்பிக்கை உரைகளைத் தன் குரலிலேயே பதிவுசெய்து அனுப்பும் வழக்கம் உள்ளவர். சுற்றறிக்கைக்கு உட்பட்டு, 'எழுந்து வாருங்கள், மதிப்பிற்குரிய புலியே' என்று ஒரு பதிவு அனுப்பினார். ஜன்னல் கேட்டதையும் ட்ராம் சொன்னதையும் யாரும் பொருட்படுத்தவில்லை. பொருட்படுத்தினால் பரபரப்பு போய்விடும்.

இப்போது நாகலக்ஷ்மி, முத்துக்குமார், சேஷாத்ரி மூவரும் சேஷாத்ரி வீட்டுச் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி, தேர்தல் முடிவுக்குக் காத்திருப்பவர்கள்போல உட்கார்ந்திருந்தார்கள். சேஷாத்ரியின் கண் பளபளத்தது. ஓய்வு பெற்றதிலிருந்து இப்படியொரு காலை அவருக்கு விடிந்ததில்லை.

"ட்ராம் எழுதினதெல்லாம் முதல்லேருந்து படிச்சேன்," என்றார். "ஸ்டேஷன் வாசல், டிக்கெட் கவுன்ட்டர்னு வரது. படி இறங்கினதா எங்கயுமே இல்லை. அப்போ தரையோட தரையா இருக்கற ஸ்டேஷன். எதிர்த்தாப்ல பூஜைப் பந்தலுக்கு மூங்கில் அடிக்கற சத்தம் தாங்கலைன்னு ஒரு நாள். சினிமா ஸ்டுடியோ வண்டி வழிய அடைச்சுண்டு நிக்கறதுன்னு இன்னொரு நாள்." கூடத்து ஜன்னல் பக்கம் திரும்பினார். எதிரே பந்தல். பந்தலில் மூங்கில். கீழே ஸ்டுடியோவின் ஜெனரேட்டர் வண்டி வழியை அடைத்துக்கொண்டு நின்றது. "எனக்கென்னமோ ஆள் நம்ம பேட்டைன்னு தோண்றது. ஏன், இந்தக் காலனியாவே இருக்கலாம்."

மீரா அவசரமாகக் குறுக்கிட்டாள். "மாமா, யாருன்னு கேக்கக் கூடாதுன்னு டாக்டர் ரூல் போட்டிருக்காங்கன்னு நீங்கதானே சொன்னீங்க."

"கேக்கப்படாதுன்னுதான் இருக்கு. கண்டுபிடிக்கப்படாதுன்னு இல்லை."

ஒவ்வொரு பிளாட்டாக ஏறி இறங்கிவிடலாம், மூஞ்சியைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்றாள் நாகலக்ஷ்மி, மீராவின் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டே. "என்னடி, வெளுத்துக் கிடக்கே? இன்னும் காப்பி குடிக்கலியா?"

பால் கொட்டுகிறது, பாத்திரத்தில் ஊற்றிவிட்டு வருகிறேன் என்று மீரா சமையலறைக்குள் ஓடினாள். பாலை ஒரு கையால் ஊற்றிக்கொண்டே மறு கையால் போனை எடுத்தாள்.

"சார், எழுதுதாங்க," என்று கூடத்திலிருந்து முத்துக்குமாரின் குரல் வந்தது. "இன்னா பாருங்க, 'ட்ராம் எழுதிக்கொண்டிருக்கிறார்'ன்னு காட்டுது."

மூன்று நாற்காலிகள் ஒருசேர நகர்ந்தன. மீரா எழுதி அனுப்பியது இது: 'நான் நன்றாக இருக்கிறேன். தயவுசெய்து என்னைத் தேட வேண்டாம். என் வீட்டு வாசலில் மாணவர்கள் கோஷம் போட்டுக்கொண்டு ஊர்வலம் போகிறார்கள், வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.'

முதல் இரண்டு வாக்கியங்கள் வேண்டுகோள், மூன்றாவது பொய். குழு வேண்டுகோளைத் தாண்டிக் குதித்துப் பொய்யைக் கவ்விக்கொண்டது.

"மாணவர் ஊர்வலம்," என்று மேஜையைத் தட்டினார் சேஷாத்ரி. "ஜாதவ்பூர். யுனிவர்சிட்டி வாசல். நான்தான் தப்புத் திசையில போயிட்டேன்."

மீராவுக்கு மூச்சு வந்தது. ஜாதவ்பூரில் எத்தனை ஆயிரம் பேர். சுற்றிவிட்டு வெறுங்கையோடு திரும்பட்டும் என்று நினைத்தாள். நாகலக்ஷ்மியைக் கணக்கில் சேர்க்காமல் நினைத்தாள். கொல்கத்தாவில் தமிழ் பேசும் எந்த ஜீவன் எந்தத் தெருவில் என்ன குழம்பு வைக்கிறது என்று நாகலக்ஷ்மிக்குத் தெரியும்.

"ஜாதவ்பூர்ல தனியா இருக்கறது மஹாதேவன்தான்," என்றாள். "என் ஓர்ப்படியோட தங்கை பிள்ளை. காலேஜ்ல ஜியாலஜி சொல்லிக்கொடுக்கறான். நாப்பது தாண்டியும் கல்யாணம் பண்ணிக்கல. போன தடவை சங்கத்து விழாவுக்கு வரல. இப்போ தாடி வேற விட்டுண்டிருக்கான்."

தாடி என்ற சொல் விழுந்ததும் சேஷாத்ரி குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அதற்குமேல் சாட்சியம் தேவைப்படவில்லை.

ட்ராம் அவர் இல்லை என்று மீரா எப்படிச் சொல்வாள்? உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால்? நாலு பேரும் ஷேர் ஆட்டோவில் ஏறினார்கள். முன்னால் ஓட்டுநர் பக்கத்தில் முத்துக்குமார் பாதி உடம்போடு தொங்கினார். பின்னால் சேஷாத்ரியும், மடியில் கஷாயப் பாத்திரத்தோடு நாகலக்ஷ்மியும். "தீதி, ஏக்டு சேபே போஷுன்," என்று ஓட்டுநர் இன்னும் நெருங்கி உட்காரச் சொன்னான். மூன்றாவதாக மீரா நெருங்கினாள். பூஜைக்கு முந்தைய கடைசிச் சனிக்கிழமை. ஊரே துணி வாங்கத் தெருவில் இறங்கியிருந்தது. பந்தல் விளக்குகளைப் பகலிலேயே எரியவிட்டுச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். எங்கேயோ டாக் மேளத்தின் ஒத்திகை அதிர்ந்தது. ஆட்டோ பஸ்ஸுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே நுழைந்தது, நடைபாதைமேல் ஏறியது, ஒரு பலூன்காரனைத் தொட்டும் தொடாமலும் தாண்டியது. சேஷாத்ரி குடையை ஈட்டிபோலப் பிடித்துக்கொண்டு "ஜல்தி, ஜல்தி" என்றார்.

வெட்கக்கேடு என்னவென்றால், மீராவுக்கும் அந்த வேகம் பிடித்துவிட்டது. தன்னைத் தேடும் பரபரப்பில், நாலு பக்கமும் கூட்டம் நசுக்கும்போது தன் நெஞ்சு என்ன செய்கிறது என்று கவனிக்கவே மறந்துபோனாள். பாதி வழியில்தான் அது நினைவுக்கு வந்தது. உடனே படபடப்பும் வந்தது. ஆனாலும் அந்தப் பாதி வழி அவளுடையதுதான்.

மஹாதேவன் வீடு ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடி. படி ஏற ஏற ஒரு வாசனையும் ஏறியது. அரைத்த கடுகு, பச்சை மிளகாய், அவற்றுக்கு அடியில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் மீன். கீழ் வீட்டுப் பெங்காலிகள் சமைக்கிறார்கள் என்று நாகலக்ஷ்மி தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கீழ் வீடு பூட்டியிருந்தது.

கதவைத் திறந்தவர் லுங்கியில் இருந்தார். கையில் கரண்டி. மத்தியானச் சாப்பாட்டை எதிர்நோக்கிய முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கொல்கத்தா மாநகரத்தில் அந்த நிமிடம் மனநலம் மிக்க மனிதர் ஒருவரைக் காட்டு என்றால் அவரைத்தான் காட்ட வேண்டும்.

முத்துக்குமார் முன்னால் வந்து நெஞ்சில் கை வைத்தார். "சார், நீங்க தனியா இல்ல."

"தனியாத்தான் இருந்தேன்," என்றார் மஹாதேவன். "இப்பதான் நீங்கள்லாம் வந்திருக்கேளே."

பிறகு நாகலக்ஷ்மியைப் பார்த்தார். முகத்திலிருந்து மத்தியானம் இறங்கிப்போனது. கரண்டியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். கஷாயத்தை உள்ளே வைத்துவிட்டு வருகிறேன் என்று அவள் ஓர் அடி வைத்ததும், இரண்டு கையையும் விரித்து வாசலை மறித்தார். "மாமி, உள்ள வராதீங்கோ. வேண்டாம்."

இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? சேஷாத்ரி விசாரணை அறைக் குரலை எடுத்தார். மறைப்பதில் பயனில்லை, எல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறோம், மனத்தில் இருப்பதைக் கொட்டிவிட்டால் பாரம் குறையும் என்று பக்குவமாகச் சொன்னார். மஹாதேவன் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். எல்லாம் தெரிந்துவிட்டது என்றே நம்பினார். தோள் தொங்கிப்போனது.

"இலிஷ் மீன்தான்," என்றார் தாழ்ந்த குரலில். "சீசன் முடியப்போறதேன்னு வாங்கினேன். வீட்ல பண்றது இதான் முதல் தடவை. வெளியில சாப்பிடுவேன். அம்மாவுக்குத் தெரியாது."

"புரட்டாசிச் சனிக்கிழமை," என்றாள் நாகலக்ஷ்மி. வந்த காரியம் அவளுக்குச் சுத்தமாக மறந்துவிட்டது. "மாம்பலத்துல அவ பெருமாளுக்கு மாவிளக்கு போட்டுண்டு உக்காந்திருக்கா. இங்க பிள்ளை. இன்னிக்கே அவளுக்குப் போன் போட்டாகணும்."

"மாமி, அம்மாவுக்குப் பிரஷர்."

அந்த நாற்பது வயதுக்காரர் கரண்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்ற கோலத்தை மீரா பார்த்தாள். யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாமல், தன் வீட்டில், தன் அடுப்பில், தன் பாட்டுக்குச் சந்தோஷமாக இருந்த மனிதர். அவள் விட்ட ஒரு வரிப் பொய், நாலு பேரைப் படியேற்றி அவர் வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. தன் கதவை யாரும் தட்டக் கூடாது என்பதற்காக இன்னொருவர் கதவைக் காட்டிக்கொடுத்திருக்கிறாள்.

இரண்டு படி கீழே இறங்கி, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, போனை எடுத்தாள்.

"எழுதுதாங்க," என்றார் முத்துக்குமார். "சார், ட்ராம் எழுதுதாங்க."

அப்படியென்றால் கரண்டியோடு நிற்கிற இவர்? யாரும் யோசிக்கவில்லை. முத்துக்குமாரும் நாகலக்ஷ்மியும் அவரவர் திரையில் கண்ணை நட்டார்கள். 'ட்ராம் எழுதிக்கொண்டிருக்கிறார்' என்ற வரி வந்தது, நின்றது, மறுபடி வந்தது.

சேஷாத்ரியும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் வாழ்நாள் பழக்கம் லேசில் விடாது. கடிதத்தைப் பார்க்கும்போதே கை எது என்று தேடுகிற கண். வரி நின்றபோது நிமிர்ந்தார். இரண்டு படி கீழே மீராவின் கட்டைவிரல் நின்றிருந்தது. கட்டைவிரல் ஓடியது, திரையில் வரி ஓடியது. கட்டைவிரல் நின்று யோசித்தது. வரியும் நின்று யோசித்தது. சேஷாத்ரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

மீரா அனுப்பிவிட்டுத் திரும்பினாள். அவர் கண்ணும் அவள் கண்ணும் நேருக்கு நேர் மோதின. போன் இன்னும் அவள் கையில் இருந்தது. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தாள்.

முத்துக்குமார் உரக்கப் படித்தார், தன்னம்பிக்கைக் குரல் இல்லாமல்:

'நான் ட்ராம். நீங்கள் நிற்கிற வீட்டில் இருப்பவருக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. அவரை விட்டுவிடுங்கள். ஊர்வலம் என்று சொன்னது பொய். என் கதவைத் தட்டிவிடுவீர்களோ என்று பயந்து சொன்னேன். அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். என் உயிருக்கு ஆபத்தில்லை. இருந்தால் சொல்வேன், உதவி எண் எங்கே இருக்கிறது என்று தெரியும். நீங்கள் நல்ல மனத்தோடு வந்தீர்கள் என்பதும் தெரியும். ஆனால் நான் சொன்னதில் ஒன்றையும் நீங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. மதிப்பிற்குரிய என்று போட வேண்டாம். வேண்டாம் என்று சொன்னால் நம்புங்கள், அது போதும். நான் யாரென்று தெரிந்துவிட்டால் எனக்கு எழுத இடம் இருக்காது.'

உள்ளே மீன் கொதித்துக்கொண்டிருந்தது.

நாகலக்ஷ்மிக்கு முதலில் பொறி தட்டியது. "அண்ணா, நாம இங்க நிக்கறது ட்ராமுக்கு எப்படித் தெரியும்?"

மீரா ஒரு படி பின்வாங்கினாள்.

"நான்தான் சொன்னேன்," என்றார் சேஷாத்ரி. "கிளம்பறச்சே ட்ராமுக்குத் தனியா ஒரு வரி போட்டுட்டு வந்தேன். நிர்வாகின்னா போடணும். பிரிவு பதினாலு."

பதினாலாவது பிரிவு குடிநீர் அருந்துவதன் அவசியத்தைப் பற்றியது என்பது மீராவுக்குத் தெரியும். விஜிலென்ஸ் அதிகாரி சேஷாத்ரி சாட்சிகளுக்கு முன்னால் பொய் சொன்னது அதுவே முதல் தடவையாக இருக்க வேண்டும். காது மடல் சிவந்துவிட்டது. சொல்லிவிட்டு அவர் ஒரு படி இறங்கி, குடையும் தொந்தியுமாக மீராவுக்கும் மற்றவர்களுக்கும் நடுவே வந்து நின்றுகொண்டார். "போனை உள்ள வை, மீரா," என்றார், எங்கேயோ பார்த்துக்கொண்டு. "கூட்ட நாள். எவனாவது பிடுங்கிண்டு போயிடுவான்."

அடுத்து மஹாதேவன் பக்கம் திரும்பினார். "தப்பான ஆத்துக்கு வந்துட்டோம். க்ஷமிக்கணும். இங்க நாங்க எதையும் பாக்கல. ஒரு வாசனையும் வரல. நாகலக்ஷ்மிக்கு நாலு நாளா ஜலதோஷம், அவளுக்கு மூக்கே அடைச்சிருக்கு."

"எனக்கா?" என்றாள் நாகலக்ஷ்மி.

"ஆமாம். கஷாயம் கையிலேயே இருக்கு பார். குடி."

அண்ணா அந்தக் குரலில் சொன்னால் மறுபேச்சு கிடையாது. நாகலக்ஷ்மி ஒரு வாய் குடித்தாள். தன் கஷாயத்தை அவளே குடித்து யாரும் பார்த்ததில்லை. முகம் போன போக்கைப் பார்த்தால், இதுநாள்வரை குடித்தவர்களிடமெல்லாம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமோ என்று தோன்றியிருக்க வேண்டும். அப்புறம் கரியாஹாட்டில் புடவை பார்க்க வேண்டும் என்று ஏதோ முனகிக்கொண்டு, மாம்பலத்தைப் பற்றி மூச்சுவிடாமல் படியிறங்கிப்போனாள்.

முத்துக்குமார் மட்டும் நகரவில்லை. "நீங்க போங்க சார்," என்றார் சமையலறைத் திசையில் மூச்சை இழுத்தபடி. "எங்க வீட்ல இந்த மாசம் பூரா சைவம். நான் சாருக்கு… துணை வேணும்னா கொஞ்ச நேரம் இருந்துட்டு வாறேன். வேணுமா சார்?"

குழுவில் சேர்ந்து இத்தனை நாளில் அவர் வேண்டுமா என்று ஒருவரைக் கேட்டது அப்போதுதான். மஹாதேவன் கரண்டியை முன்னால் கொண்டுவந்தார். ரெண்டு பேருக்குக் காணும் என்றார்.

சேஷாத்ரியும் மீராவும் தெருவுக்கு வந்தார்கள். வெயில், ஹாரன், மேளம். ரவீந்திர ஸரோபர்வரை நடந்தால் அங்கிருந்து மெட்ரோவில் ஒரே நிறுத்தம். யாரும் அப்படித்தான் போவார்கள். சேஷாத்ரி அந்தத் திசையை ஒரு கணம் பார்த்தார். மீராவின் கால் நின்றுவிட்டது.

"ஆட்டோவிலேயே போலாம்," என்றார். "எனக்குக் காத்து வேணும்."

வேறொன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை, ஹரீஷுக்குத் தெரியுமா என்று கேட்கவில்லை, மூச்சுப் பயிற்சி செய் என்று சொல்லவில்லை. அவர் வாயை அப்படி மூடி வைத்துக்கொள்ள எவ்வளவு பிரயத்தனப்படுகிறார் என்பது கழுத்து நரம்பில் தெரிந்தது. ஆட்டோ கிளம்பியதும் போனை எடுத்துத் தடவித் தடவி ஏதோ செய்தார். குழுவில் சுற்றறிக்கை காணாமல் போயிற்று. அந்த இடத்தில் டாக்டரின் மூன்று வரி மறுபடி வந்து உட்கார்ந்தது. கீழே ஒரு செய்தி: 'ட்ராம், இன்று நடந்தது என் தப்பு. பதில் போட வேண்டியதில்லை. சேஷாத்ரி.' சற்றுப் பொறுத்து இன்னொன்று: 'ஆந்தை, தூக்கம் எப்படி இருக்கிறது? சொல்ல விருப்பமிருந்தால் சொல்லலாம்.'

மீரா அதைப் படித்தாள். தலை நிமிரவில்லை.

ஆந்தையிடமிருந்து பதில் வரவில்லை. ஜன்னலிடமிருந்துதான் வந்தது, வழக்கத்துக்கு முன்னதாகவே: 'ட்ராம், சாயங்காலம்வரை பொறுக்க முடியவில்லை. இன்று எப்படி இருந்தது?'

அவளுக்குச் சிரிப்புப் பொங்கியது. இந்த ஜன்னல் யாராக இருக்கும் என்று நூற்றியோராவது தடவையாக ஓர் ஆசை எட்டிப்பார்த்தது. அதன் தலையில் ஒரு குட்டு வைத்து உட்காரவைத்தாள். கட்டைவிரல் பறந்தது. ஆட்டோவைப் பற்றி, பலூன்காரனைப் பற்றி, பாதி வழி பயமே இல்லாமல் போனதைப் பற்றி எழுதினாள். அமர்க்களமான நாள் என்று எழுதினாள். யார் வீடு, என்ன மீன் என்பதை மட்டும் எழுதவில்லை. எழுதிக்கொண்டே ஓரக்கண்ணால் பக்கத்தில் பார்த்தாள்.

அடுத்தவர் கடிதத்தைப் படிப்பதற்கென்றே சம்பளம் வாங்கிய மனிதர், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி உட்கார்ந்திருந்தார். சிக்னலில் நின்ற ஆட்டோவுக்கு எதிரே ஒரு பனியன் கம்பெனி விளம்பரப் பலகை. அதில் மூன்றே மூன்று சொற்கள். சேஷாத்ரி மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பச்சை விளக்கு விழுந்து ஆட்டோ தாவும்வரை, அதை மிகுந்த கவனத்தோடு படித்துக்கொண்டிருந்தார்.